வசனம் கீழே விழக் கூடாது

மேடையில் அவர் எதிரில் நிற்பது ஒரு தனிக் கஷ்டம். ஒத்திகையில் எழுதிக் கொடுத்த வசனத்தையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வருவார். நாமும் நம் பங்கைச் சொல்லிக்கொண்டே போவோம். எங்கோ ஓரிடத்தில், பிரதியில் இல்லாத ஒரு வரியை நம் மேல் வீசுவார். அதற்கு நாம் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். முழிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, உதவிக்குத் திரை மறைவைப் பார்க்கக் கூடாது. "வசனம் கீழ வுழக் கூடாதுப்பா" என்பார். எங்கள் நாடகக் குழுவில் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஒத்திகைக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார். வசனத்தைக் கீழே விட்டவனோடு நாள்கணக்கில் பேசமாட்டார்.

அதை நாங்கள் "புது வரி" என்போம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான், யாராவது ஒருவருக்குத்தான். அரிதாரம் பூசிக்கொள்ளும்போதே ஒருவரை ஒருவர் பார்த்து, "இன்னிக்கு யாரு தலையிலயோ" என்று கேட்டுக்கொள்வோம். சும்மா வாய்க்கு வந்ததை வீசுகிறவர் இல்லை அவர். வருகிற வரி எப்போதும் எதிரில் நிற்கிறவரின் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் வரும். அதுவும் உண்மையாக இருக்கும். ஏன் இப்படி என்று கேட்டால், "பத்து ஊர்ல சொன்ன வசனம் செத்துப்போன வசனம். மொகத்துல உசுரு வரணும்னா அவன் எதிர்பாக்காதது வரணும். அதுவும் நெசமா இருக்கணும்" என்பார்.

பகலில் அவர் சிதம்பரத்தில் ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே அவர் எழுதியதை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. சாயங்காலமும் விடுமுறை நாளும் நாடகம். தானே எழுதுவார், தானே நடிப்பார், பந்தல்காரரோடு தானே சண்டை போடுவார். கடலூர் மாவட்டத்தில் அவர் நாடகம் போடாத திருவிழா குறைவு. சின்ன வயதில் பெண் வேடம் கட்டியவர், பிறகு அப்பா வேடத்தில் பேர் வாங்கினார். ஒரு முறை சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெரியவர் வேடம், ஒரே காட்சி. இவர் அங்கேயும் கதாநாயகனைப் பார்த்து ஒரு புது வரியை விட்டிருக்கிறார். அந்தப் பையன் முழித்தானாம். மறுபடியும் எடுத்தார்கள், இவர் மறுபடியும் வேறொரு வரி. மத்தியானம் பிரியாணி போட்டு மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டார்கள். "பிரியாணி நல்லாருந்துச்சு. அந்தப் பையன் மொகத்துலதான் ஒண்ணும் இல்ல" என்று எங்களிடம் சொன்னார்.

நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட. இந்த எழுத்திலும் எனக்கு வேறு பேர் வரவில்லை, அவர் செய்ததற்குப் பிறகும்.

சேத்தியாத்தோப்பு ஆட்டத்தைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் அவரைக் கொண்டாடினோம் என்று புரியும். பண்ணையார் வேடம் போட்டவன் செல்போன் கடை வைத்திருந்த ஒரு பையன். முந்தின வாரம்தான் அதே ஊரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். போய் பத்து நாள் ஆகப் போகிறது, இவன் வீட்டிலிருந்து பதில் போகவில்லை. அண்ணனுக்குப் பண்ணையாளின் வேடம். நடுவில் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஐயா, போன வாரம் இந்த ஊர்லதான பொண்ணு பாத்தீங்க? ரெண்டு தட்டு பஜ்ஜிய துன்னுட்டு எந்திரிச்சுப் போனவரு, இன்னும் பதில் சொல்லலியாம். பொண்ணோட அப்பா தோ, நாலாவது வரிசையில குந்திகினு இருக்காரு."

கூட்டம் நாலாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அவர் அங்கே இருப்பதை ஆட்டத்துக்கு முன்பே அண்ணனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பையன் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "பஜ்ஜி நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு நம்மள புடிச்சிருக்குன்னு யாரும் சொல்லலியே."

நாலாவது வரிசைக்காரர் எழுந்து நின்று, "புடிச்சிருக்குன்னுதான் தம்பி சொல்லுச்சு" என்றார். அதற்குப் பிறகு நாடகம் நடத்த முடியவில்லை, விசில் அடங்கவே வெகு நேரம் ஆனது. தை மாதம் கல்யாணம். பந்தியில் பஜ்ஜி பரிமாறியவர் அண்ணன்தான்.

நான் குழுவுக்குள் வந்த கதை இதைவிடச் சாதாரணம். அப்போது நான் சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். கிராமங்களில் வயிற்றுப்போக்கைப் பற்றி வீதி நாடகம் போட வேண்டும் என்று எங்கள் மாணவிகள் சிலரை அவரிடம் அனுப்பினார்கள். எனக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கிக் கொடுக்கும் நர்ஸ் வேடம். முதல் ஆட்டத்திலேயே, தாத்தா வேடத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஊசி போடறப்ப ஒனக்குக் கை நடுங்குமாமே?" என்றார். தோழி யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறாள். "நடுங்கும் தாத்தா. ஆனா குத்தாம வுடமாட்டேன்" என்றேன். ஆட்டம் முடிந்ததும் தேடி வந்து தலையில் கை வைத்தார். "தங்கச்சி, நீ நம்ம ஆளு" என்றார். படிப்பு முடிந்து கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வார விடுப்பையெல்லாம் அவருக்கே கொடுத்தேன். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே சிதம்பரம் போவேன், தூங்கிக்கொண்டே திரும்புவேன். அவ்வளவு பைத்தியம்.

இந்த உண்மைகளெல்லாம் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்றால், எல்லோரும் தாங்களாகவே அவரிடம் போய்ச் சொன்னார்கள். கேட்பதில் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாம் வாயைத் திறந்ததும், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல். தன்னைச் சரியாகப் பார்க்க முடியாத ஒருவரிடம் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். சோகமான விஷயமாக இருந்தால் நமக்கு முன்னால் அவர் அழுதுவிடுவார். அது நடிப்பில்லை. நான் நர்ஸ், பொய் அழுகையைத் தினமும் பார்க்கிறேன்.

அண்ணி மட்டும்தான் உஷாரான ஆள். ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். என்னண்ணி என்று கேட்டதற்கு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்கள்.

"தலவலிம்மா. மெதுவாப் பேசு, அவுரு காதுல வுழுந்துடப் போவுது. கல்யாணமான புதுசுல கொழம்பு தீஞ்சி போனதுக்கு எங்கம்மா நெனப்புல இருந்தேன்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். அடுத்த மாசம் நாடகத்துல ஒரு பொம்பள கொழம்ப தீய வுட்டுட்டு அம்மா அம்மான்னு அழுவுறா. எங்க தெருவே என்ன பாத்துச்சு. அன்னியிலேருந்து அவுருகிட்ட உப்பு புளி சமாச்சாரத்துக்கு மேல நான் பேசறதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் இரண்டு பேர் இருபது வருடமாக உப்பு புளியை மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் நடந்ததுதான் முதலில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அண்ணனோடு இளவட்ட வயதிலிருந்து நடித்துவந்த ஒருவர் ராஜா வேடம் போடுவார். கணீர் என்ற குரல். சில மாதங்களாக அந்தக் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. ஜாஸ்தி கத்தியதால் வந்தது என்று எங்களிடம் சொல்லிவைத்திருந்தார். அன்றைக்கு மேடையில் அண்ணன் மந்திரி. "மன்னா, குரல் சரியில்லியே. டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

ராஜாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு, "இருக்கற வரைக்கும் பேசிடுன்னு சொன்னாரு மந்திரி" என்றார். ஜனம் கை தட்டியது. அவர் தொண்டையில் என்ன இருந்தது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய மகனும் கூட்டத்தில் இருந்தான், அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கிரீடத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை. "எப்பேர்ப்பட்ட பதில் சொன்னான் பாத்தியா" என்று அண்ணன் வேனில் வழிநெடுக அழுதுகொண்டே வந்தார். நண்பருக்காகத்தான் அழுதார். அந்தப் பதிலுக்காகவும் அழுதார். இரண்டையும் அவரால் பிரிக்க முடியாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டும் நான் போய் என் வீட்டு ரகசியத்தை அவரிடம் சொன்னேன் என்றால், பட்டால்தான் தெரியும் என்பது என்னைப் போன்றவர்களுக்காகச் சொன்னது.

சுனாமி வந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு தேவனாம்பட்டினத்தில், அலை தாண்டி வந்த இடத்தில் இருந்தது. அப்பா கடல் தொழில். தம்பிக்கு ஐந்து வயது முடியவில்லை. எல்லோரும் ஓடித் தப்பித்தோம், அவன் மட்டும் கிடைக்கவில்லை. அம்மா சோறு தண்ணி இல்லாமல் கரையோரமாகவே நடந்தாள். எந்தத் துணி ஒதுங்கினாலும் ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தாள். யார் கூப்பிட்டாலும் வரவில்லை. இவளும் போய்விடுவாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அப்பா ஒரு சின்ன உடம்பைப் பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நம் பிள்ளைதான், முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்றார். அம்மாவைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இறக்கி வைக்கும்போது பாய் கொஞ்சம் விலகியது. நான் காலைப் பார்த்தேன். தம்பிக்கு வலது முழங்காலுக்குக் கீழே கொதிக்கிற எண்ணெய் கொட்டிய தழும்பு உண்டு, உள்ளங்கை அகலத்துக்கு. அந்தக் காலில் ஒன்றுமே இல்லை. நான் பார்த்ததை அப்பாவும் பார்த்தார். பாயை இழுத்து மூடினார். பிறகு என்னைத் தனியே கூட்டிப்போய், "ஒங்கம்மா சோறு துன்னணும்னா இதான் வழி. வாயத் தொறக்காத" என்றார். புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு அம்மா கஞ்சி குடித்தாள்.

வருடா வருடம் அந்த நாளில் ஊரே கடலில் பால் ஊற்றும். அம்மா பாலை ஊற்றிவிட்டு நேரே புதைத்த இடத்துக்குப் போய் ஒரு தேங்காய் பன் வைப்பாள். தம்பி வேறு எதையும் ஒழுங்காகத் தின்னாதவன், பன் என்றால் ஓடிவருவான். அப்பாவும் நானும் கொஞ்சம் தள்ளி நிற்போம். யாரோ ஒருவருடைய பிள்ளைக்கு அம்மா பன் வைக்கிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்பா போன பிறகு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு ஆள் தூக்குகிற பாரமில்லை அது. தூக்கம் போய்விட்டது. நோயாளியின் கையைப் பிடித்தால் எனக்கு மறுபடியும் நடுங்கியது.

அண்ணன் கவனித்துவிட்டார். ஒத்திகை இடைவேளையில் பள்ளிக்கூட மரத்தடியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொல்லிவிட்டேன். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பே லேசாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு பயம் வந்தது.

"அண்ணே, எங்கம்மா உசுரோட இருக்கற வரைக்கும் இது வெளிய வரக் கூடாது. அவுங்களுக்குத் தெரிஞ்சா மறுபடியும் கரைக்குத்தான் போவாங்க."

அவர் எழுந்துபோய் அரிதாரப் பெட்டியை எடுத்துவந்தார். தன் குருவின் பெட்டி அது. மேடை ஏறும் முன் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஏறமாட்டார். அதன் மேல் கை வைத்து, "இது மேல சத்தியம் தங்கச்சி. மேடைக்கு வராது" என்றார்.

அதற்கப்புறம் கடலோரக் குடும்பம் ஒன்றைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அவர் அப்பா, நான் மகள். அலையில் போன பையனை அப்பா பாயில் சுற்றிக் கொண்டுவருகிற ஒரு காட்சி அதில் உண்டு. கடலோரத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்த காட்சிதான். பிரதியை நான் ஒரு பக்கம் விடாமல் தேடிப் பார்த்தேன். கொண்டுவந்த பையன் அந்த வீட்டுப் பையன்தான். தழும்பு இல்லை, பொய் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று நம்பினேன். பல ஊர்களில் போட்டோம். புது வரி மற்றவர்கள் தலையில்தான் விழுந்தது.

கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆட்டம் வைத்தார்கள், சுனாமி நினைவு நாளை ஒட்டி. அம்மா அதுவரைக்கும் என் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்புப் பெண்களோடு ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். அண்ணனே வாசலுக்குப் போய் அழைத்துவந்து முன் வரிசையில் உட்கார வைத்தார். "எங்க தங்கச்சியப் பெத்தவங்க" என்று எல்லோருக்கும் காட்டினார். யாரையோ அனுப்பி சோடா வாங்கிவரச் சொல்லி அம்மா கையில் கொடுத்தார். நான் திரை மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

பாய்க் காட்சி வந்தது. அவர் பாயை இறக்கி வைத்தார். "அப்பா, தம்பியா?" என்றேன். "ஆமா, ஒங்கம்மாவ உள்ள கூட்டிப் போ" என்பது அவர் வசனம். சொல்லவில்லை. என்னையே பார்த்தார்.

"காலப் பாத்தியா?" என்றார்.

இவ்வளவு வருடப் பழக்கம் வாயைத் திறந்தது. "பாத்தேம்பா. தம்பி காலுதான்."

"தழும்பு எங்க?"

ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி என்பது அவர் வைத்த கணக்கு. அன்றைக்கு அதையும் மீறினார். நான் அம்மாவைப் பார்த்தேன். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தேன். சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில ஊறிப்போனா தழும்பு தெரியாதுப்பா" என்றேன்.

அந்த ஒரு வரியால் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று நினைத்தேன். அவர் அங்கேயே விட்டிருந்தால் மூடியும் இருக்கும். ஆனால் என் முகத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது நம்ம புள்ள இல்ல" என்றார். மண்டபமே அழுதது, பிறகு எழுந்து நின்று கை தட்டியது.

உள்ளே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டார். "தங்கச்சி, அந்த மொகம். முப்பது வருசத்துல நான் அப்பிடி ஒரு மொகத்தப் பாத்ததில்ல."

"சத்தியம் பண்ணீங்களேண்ணே. எங்கம்மா முன்னாலயே இருந்தாங்க."

அவர் கை அப்படியே தொங்கிவிட்டது. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், பிறகு புரிந்தது. "மறந்துட்டேன்" என்றார். "எதிர்ல நிக்கிற மொகத்தத் தவுர எனக்கு ஒண்ணும் தெரியாது தங்கச்சி. சத்தியமா மறந்துட்டேன்."

இதைக் கேட்டவர்கள் எல்லாம் அவர் பொய் சொல்கிறார் என்கிறார்கள். இல்லை. மேடையில் அவருக்குக் கண்ணாடி கிடையாது, விளக்குக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அவருக்கு வெறும் புகை. தன் கையால் சோடா வாங்கிக் கொடுத்த பெண்ணை உண்மையாகவே மறந்துவிட்டார். பொய்யாக இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேண்டுமென்று கழுத்தை அறுத்தவரோடு சண்டை போடலாம். மறந்துபோய் அறுத்தவரை என்ன செய்வது? அன்றைக்குக் குழுவை விட்டவள்தான். பிறகு எத்தனையோ பேரைத் தூது அனுப்பினார், நான் போகவில்லை. போன வருடம் அவர் இறந்தபோதும் போகவில்லை.

அம்மா அன்றைக்கு எனக்குக் காத்திருக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"நீ நர்சுக்குப் படிச்சவ. சொல்லு. தண்ணியில ஊறுனா தழும்பு மறஞ்சிடுமா?"

"மறையும்மா. சில பேருக்கு."

செதில் தேய்ப்பதை அவள் நிறுத்தவில்லை. "ஒங்க பெரியப்பா கடலுக்குப் போனவரு, எத்தன நாள் கழிச்சி ஒதுங்குனாரு. வயித்துல ஆப்ரேசன் பண்ண தழும்பு அப்பிடியே இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"அப்ப அது யாரு புள்ளடி?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அது ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்த உண்மை. அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "அப்பனும் மவளும் சேந்து என்ன ஏமாத்திட்டீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

நினைவு நாளில் அம்மா இரண்டு தேங்காய் பன் வாங்கினாள். ஒன்றைப் புதைத்த இடத்தில் வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு வேறு யார் வைப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டாளாம். இன்னொன்றைக் கடலில் போட்டாள். அதற்குப் பிறகு நான் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அதுதான் நடந்தது. தினமும் விடிந்ததும் கரைக்குப் போனாள். தேடுவதற்கு இனி அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் நடந்தாள். வெயில் ஏறிய பிறகு வருவாள், சோற்றை வைத்தால் பாதியில் எழுந்துவிடுவாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப்போல வாசலில் நின்றார்.

"எதுக்கு வந்தீங்க?"

"அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன் தங்கச்சி."

"நீங்க கேட்டதெல்லாம் போதும்ணே. கெளம்புங்க."

உள்ளேயிருந்து அம்மா, "யாருடி?" என்றாள். அவளே எழுந்து வந்து பார்த்தாள். "நாடகக்காரரா? உள்ள வாங்க" என்றாள். என்னை ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தாள்.

அவர் அம்மாவின் காலில் விழுந்தார். அவள் எழுந்திருக்கச் சொன்னாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, இவள் இப்போது அவரை நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா எதிரில் உட்கார்ந்தாள். அவர் மன்னிப்பை ஆரம்பித்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "தம்பி எப்பிடி இருப்பாம்மா?" என்று கேட்டார்.

"கருப்பா இருப்பான். அவங்கப்பா மாதிரி" என்று அம்மா ஆரம்பித்தாள். "செருப்பே போட மாட்டான். புதுச் செருப்பு வாங்குனா ஒரு காலு செருப்பத் தூக்கி கடல்ல போட்டுட்டு வருவான். பேச்சு அவனுக்கு லேட்டு. மொதல்ல வந்த வார்த்த அக்கா. அம்மா வல்ல, அக்காதான் வந்துச்சு."

அதுதான் அவனுடைய முதல் வார்த்தை என்று எனக்குத் தெரியாது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். பிறகு அம்மாவின் குரல் இறங்கியது.

"அன்னிக்குக் காலையில அவன நான் அடிச்சேங்க. பால கொட்டிட்டான்னு முதுவுல ரெண்டு வச்சேன். கோச்சிக்கினு கடல் பக்கம் ஓடுனான். போயி வருவான்னு வுட்டுட்டேன். அவங்கப்பாகிட்ட கூட நான் சொல்லல இத."

அவர் தேம்பிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன்.

"அம்மா, போதும். இவுருகிட்ட சொல்லாத. நாளைக்கே மேடையில கொண்டாந்து வச்சிடுவாரு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு முகத்துக்கு நேரே பார்த்தது அப்போதுதான்.

"வச்சா வச்சிக்கட்டும். ஒங்கப்பனும் நீயும் இத்தன வருசத்துல எம்புள்ளயப் பத்தி ஒரு வார்த்த எங்கிட்ட பேசியிருப்பீங்களா? அவன் பேர எடுத்தாலே பேச்ச மாத்துவீங்க. ஏன்னு இப்பதான தெரியுது. இவுரு கேக்குறாரு. நீ போயி டீ போடு."

போனேன். அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை வைத்தேன். முதலில் என் ரகசியத்தை எடுத்துக்கொண்டார், இப்போது என் அம்மாவையும் எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. கூடத்தில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். தம்பி எந்த நாயைக் கண்டால் பயப்படுவான், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், அப்பா வலையை உதறும்போது கீழே விழும் நண்டுக்கு என்ன பேர் வைத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பல எனக்குத் தெரியாதவை, சில நான் மறந்தேபோனவை. பால் பொங்கி டீ போட்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். கொண்டுபோனால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.